தைராய்டு என்று சொல்லிவைத்தோம்

பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் முதல் முறை அங்கே போனேன். அதுவும் முழுப் பொய்யில்லை. தாம்பரம் மேற்கில் இருந்த அந்தக் கட்டடத்தில் கீழே பல் கிளினிக், மாடியில் மனநல மருத்துவர். படியேறும்போது தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு கணக்குக்கு இரண்டு வழி வைத்திருப்பாள்.

குழந்தைக்கு அப்போது நாலு மாதம் முடியவில்லை. பிரசவத்துக்காகச் சிட்லபாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்ததால் வீட்டில் அம்மா, நான், குழந்தை, மூன்றே பேர். கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை. ஐந்தாம் மாதம் பிறந்ததும் திருச்சியிலிருந்து மாமியார் வந்து, நல்ல நாள் பார்த்து, என்னையும் குழந்தையையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஐந்தாம் மாதம் பரீட்சைத் தேதி மாதிரி நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. காரணமில்லாமல் அழுவேன். பார்க்க வருகிறவர்கள் “அப்படியே உன் மூக்கு” என்று குழந்தையைக் கொஞ்சும்போது எனக்கு அவர்கள் மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நானும் அந்த மூக்கைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். குளிப்பாட்டினேன், பால் கொடுத்தேன், துணி மாற்றினேன். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் யாரோ சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை போலவே இருந்தது.

அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் தண்ணீர் லாரி வந்தது. ஏரியைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த காலம் அது. அம்மா பள்ளிக்கூடம் போயிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போய்க் கேட்டைத் திறந்தேன். லாரிக்காரர், தரைக்கடியில் தண்ணீர் தேக்குகிற சம்ப்பின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் குழாயை உள்ளே விட்டார்.

“யக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. கொயந்த மேல தண்ணி தெறிக்கப் போவுது” என்றார்.

நான் தள்ளி நிற்கவில்லை. அந்தச் சதுர இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. கோபத்தில் வரவில்லை. விட வேண்டும் என்று ஆசையுமில்லை. பால் பொங்கிவிடுமோ என்று நினைப்பது போல, சும்மா, அது பாட்டுக்கு வந்தது. உள்ளே ஓடிக் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். என் கைகளை நானே தொடை இடுக்கில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே லாரிக்காரர், “யக்கா, ரொம்பிடுச்சு யக்கா” என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பிரசவம் பார்த்த டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த அந்த மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மாடி டாக்டர் என் வயதுக்காரப் பெண்தான். அவரிடம் சம்ப் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போலீஸைக் கூப்பிடுவாரோ என்று காத்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. குழந்தை பிறந்த பிறகு இப்படி நினைப்பு வருகிறதென்று பல அம்மாக்கள் சொல்வார்கள் என்றும், எனக்கு அதைக் கண்டு பயமாக இருப்பதே நல்லதுதான் என்றும் சொன்னார்.

“ஆனா குழந்தையோட தனியா இருக்காதீங்க, இப்போதைக்கு. மாத்திரை எழுதறேன். முதல் வாரம் பாதி, அப்புறம் ஒண்ணு. வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். உடனே ஒண்ணும் தெரியலையேன்னு விட்டுடாதீங்க.”

“பால் குடுக்கிறேனே டாக்டர்?”

“குடுக்கலாம். பால்ல கொஞ்சம் போகும், ரொம்பக் கொஞ்சம். குழந்தை வழக்கத்தைவிட அதிகமாத் தூங்கினாலோ சரியாக் குடிக்கலேன்னாலோ உடனே தூக்கிட்டு வாங்க. மாத்திரை வேண்டாம்னா வாரா வாரம் பேச மட்டும் வரலாம். ஆனா உங்களுக்கு ரெண்டும் வேணும்னுதான் எனக்குத் தோணுது. முடிவு நீங்க எடுக்கறதுதான்.”

முடிவு நான் எடுக்க வேண்டுமாம்! காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதே என் கையில் இல்லாத காலம். நாலு மாதமாக என் தட்டில் விழுந்த ஒவ்வொரு கவளத்துக்கும் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கத்தரிக்காய் கரப்பான், உருளைக்கிழங்கு வாயு, பலாப்பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. பால் ஊறப் பூண்டும் பால்சுறாப் புட்டும். பிள்ளை பெற்றவளுக்கு என்று கடைச்சரக்கு இடித்துக் கிளறிய லேகியம், காலையில் நெல்லிக்காய் அளவு. நான் எதைத் தின்றாலும் அது நேரே பாலுக்குப் போய் அங்கிருந்து குழந்தை வயிற்றுக்குப் போகிறது என்பதுதான் வீட்டின் சட்டம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் வீட்டில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்தது.

சீட்டைப் பார்த்ததும் அம்மா சேரில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீ ஒரு கீத்து மாங்கா தின்னா அதுக்கு வயித்தால போகுது. இது மூளைக்குப் போற மாத்திரைடி. பச்சைக் குழந்தை.”

“நான் அழுதுகிட்டே பால் குடுக்கிறேனேம்மா, அது மட்டும் போகாதா?”

“அதான் அழாதேன்னு சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்து, கடைசியில் அழுகைதான் ஜெயித்தது.

ஆனாலும் அம்மா மாத்திரையை வாங்கினாள். தெருமுனை மெடிக்கலில் வாங்கவில்லை. அங்கே சீட்டைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை வரைக்கும் செய்தி போய்விடும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிற சாக்கில் பல்லாவரம் போய், முகம் தெரியாத கடையில் வாங்கி, வெங்காயத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எதிர் வீட்டுக்காரர், “பொண்ணு ஏன் இப்படி வாடிக்கிடக்கா?” என்று கேட்டதற்கு, “தைராய்டு” என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அது கௌரவமான வியாதி. யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே பொய்யைத் தொலைபேசியில் என் மாமியாரிடமும் சொன்னாள்.

“அட, எனக்கும்தான் பன்னெண்டு வருஷமா இருக்கு! இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?” என்று அத்தை உற்சாகமாகிவிட்டார். வியாதியால் நான் அவருக்கு ஒரு படி நெருங்கிவிட்டேன்.

அந்த மாத்திரை அட்டை பீரோவில், மடித்த ரவிக்கைகளுக்கு நடுவில் இருந்தது. தினமும் காலையில் எடுப்பேன், திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? போடாவிட்டால் என் கையால் ஏதாவது ஆகிவிடுமோ? போட்டும் சரியாகாமல் போனால்? அப்போது நான் நிஜமாகவே பைத்தியம் என்று முடிவாகிவிடும். போடாமல் இருக்கிற வரைக்கும் அந்த ஒரு கதவாவது மூடியே இருக்கும்.

கணவரிடம் போனில் கேட்டேன். “உனக்கு வேணும்னு தோணினா போடு. வேண்டாம்னா விடு. நீ எது சொன்னாலும் எனக்குச் சரி” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டார். கடைசியில், “எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாதே” என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

ஏன் சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். அவர்கள் உறவில் ஒருத்திக்குப் பிள்ளை பெற்ற பிறகு புத்தி சரியில்லை என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையை அனுப்பவில்லை. அவன் பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் அம்மாவை விருந்தாளி மாதிரிதான் பார்த்தான். இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் அத்தைதான், கீரை ஆய்ந்துகொண்டே, என்னிடம் சொன்னார். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். என் பயம் முழுக்க அங்கேதான் இருந்தது.

பன்னிரண்டு நாள் இப்படியே போனது. அட்டை பிரிக்கப்படவில்லை. ஐந்தாம் மாதம் பிறந்தது, அத்தையும் வந்துவிட்டார். மத்தியானம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து, வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். கை கால் கழுவியதும் குழந்தையை மடியில் போட்டுக் கழுத்து மடிப்பு, தொடை மடிப்பு எல்லாம் விரித்துப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கே” என்றார். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தார். நடுவில் இரண்டு நாள். இரண்டு நாள் அழாமல் இருந்தால் போதும் என்று அம்மா என் காதில் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறு மணி இருக்கும். கூடத்தில் பாயில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் பையை மூன்றாம் முறையாகக் கவிழ்த்துத் தேடினார்.

“மாத்திரை டப்பாவ வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் போலிருக்கே. வெறும் வயித்துல போடணும். காபி குடிக்க முடியாம உக்காந்திருக்கேன்.” பிறகு, ரொம்ப சாதாரணமாக, “சம்பந்தி, இவ மாத்திரைல ஒண்ணு குடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே. கடை தொறந்ததும் வாங்கித் தந்துடறேன்” என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். இப்போது சாப்பிட வந்தவரே கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கெட்டிக்கார அம்மாவுக்கு அது தோன்றவில்லை. உள்ளே போனாள், பீரோ கதவு கிறீச்சிட்டது, அட்டையோடு வந்தாள்.

“அட்டையா? எனக்கு டப்பாவுலதானே வரும்?”

“இப்ப புதுசா அட்டையில வருதுங்க சம்பந்தி.”

வழிமுறை எழுதாத விடைக்கு ஒரு மார்க்குக்கூடப் போடாத கணக்கு டீச்சர் சொல்கிறாள். அட்டையை அழுத்தினாள். ஒரு மாத்திரை வெளியே வந்து அத்தையின் உள்ளங்கையில் விழுந்தது. அத்தை செம்பை எடுத்தார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு மாத்திரைதானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். அல்லது ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். நானும் ஒரு விநாடி பேசாமல் இருந்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் விழுங்கிவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும்.

“அத்தை, முழுங்காதீங்க.”

செம்பு உதட்டருகே நின்றது.

“அது தைராய்டு மாத்திரை இல்ல. மனசுக்கு. மனநல டாக்டர் குடுத்தது.”

அம்மா, “ஏய்” என்றாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் திறக்க வராது என்று தெரிந்துவிட்டது.

“எனக்கு அழுகை நிக்க மாட்டேங்குது அத்தை. தூக்கமே இல்ல. குழந்தைமேல பாசம் இருக்கா இல்லையான்னே தெரியல. சில நேரம் இதக் கையில வச்சுக்கவே எனக்குப் பயமா இருக்கு. நான் ஏதாவது பண்ணிடுவேனோன்னு.”

கடைசி வாக்கியத்தை அம்மாவும் அப்போதுதான் முதல் முறை கேட்டாள். 

அத்தை செம்பைக் கீழே வைத்தார். மாத்திரையை ஒரு கையில் மூடிக்கொண்டு, மறுகையால் அம்மாவிடமிருந்து அட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“என் கையில ஒண்ணு. மிச்சம் அப்படியே இருக்கு. அப்ப நீ ஒண்ணுகூடப் போடலையா?”

“இல்ல.”

“வாங்கி எத்தனை நாளாச்சு?”

“பன்னெண்டு நாள்.”

அம்மா பக்கம் திரும்பினார். “படிச்சவங்கதானே சம்பந்தி நீங்க? மருந்த வாங்கி பீரோவுல வச்சா, வியாதி பீரோவுக்கா சரியாகும்?”

“பால் குடிக்கிற குழந்தையாச்சேன்னு...” என்றாள் அம்மா.

 தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். அத்தை முடிவெடுத்துவிட்ட முகத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. குழந்தைய நான் திருச்சிக்குக் கொண்டுபோறேன். பவுடர் பால் குடுத்துப் பழக்கிக்கலாம், எத்தனை குழந்தைங்க அதுல வளரல? நீ இங்கயே இரு. மருந்தச் சாப்பிடு, தூங்கு, உடம்பத் தேத்திக்கோ. ரெண்டு மாசமோ ஆறு மாசமோ, சரியானதும் வா.” இரண்டு கைகளையும் நீட்டினார். “குடும்மா.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். நாலு மாதமாக நான் நடுங்கிக்கொண்டிருந்த பேச்சு அதுதான். இதைச் சொன்னால் கத்துவேன், காலில் விழுவேன், குழந்தையை இறுக்கிக்கொண்டு அறைக்குள் ஓடுவேன் என்று மனதுக்குள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

எனக்கு வந்தது அப்பாடா என்ற ஒரு மூச்சு.

தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. இனி தூங்கலாம். இனி என் கைகளைப் பார்த்து நான் பயப்பட வேண்டாம். அவ்வளவு நிம்மதியை அந்த நாலு மாதத்தில் நான் அனுபவித்ததே இல்லை. என் பிடி தானாகவே விட்டது. குழந்தையின் வாய் மார்பிலிருந்து நழுவியது. அது அழவில்லை. பால் வழியும் வாயோடு, எங்கே போனது என்பது போலத் தலையைத் திருப்பித் தேடியது. அதைத் தூக்கி அத்தையின் கைக்குப் பாதி தூரம் கொண்டுபோயிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதான் இத்தனை நாளும் பயந்தேன். நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன், கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இது நானில்லை. எவளோ ஒருத்தி எனக்குள் உட்கார்ந்து என் குழந்தையை எடுத்து நீட்டுகிறாள்.

“அத்தை, அந்த மாத்திரையக் குடுங்க.”

அவருக்குப் புரியவில்லை. நான் குழந்தையை மறுபடி மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டினேன். மூடியிருந்த உள்ளங்கையைத் திறந்தார். வியர்வையில் மாத்திரை லேசாகப் பிசுபிசுத்திருந்தது. நடுக்கோட்டில் நகத்தை வைத்து இரண்டாக உடைத்தேன்.

“பால்...” என்றாள் அம்மா.

“டாக்டர் குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. குழந்தை ரொம்பத் தூங்குதா, ஒழுங்காக் குடிக்குதான்னு பார்க்கணும். நீங்க ரெண்டு பேரும் பாருங்க. எனக்குப் பார்க்கத் தெம்பில்ல.”

அத்தையின் செம்பிலிருந்தே தண்ணீர் குடித்து விழுங்கினேன். தொண்டையில் கசப்பு நின்றது. இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், உடனே ஏதாவது நடக்கும் என்பது போல. ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் குழந்தையைத் தூக்கி அத்தையிடம் கொடுத்தேன்.

“வச்சுக்கோங்க. ஆனா திருச்சிக்கு வேண்டாம். இந்த வீட்டுக்குள்ளயே.”

அத்தை குழந்தையின் வாயில் வழிந்த பாலை முந்தானையால் துடைத்தார். பிறகு, “டிக்கெட்டக் கேன்சல் பண்ணச் சொல்லு அவனை” என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் தங்கினார். அந்த ஒரு மாதமும் இரண்டு கிழவிகளும் முறை போட்டுக்கொண்டு குழந்தையின் தூக்கத்தைக் காவல் காத்தார்கள். கொஞ்சம் அதிகமாகத் தூங்கினால் போதும், தட்டி எழுப்பி, அது வீறிட்டு அழுவதைக் கேட்டு நிம்மதியடைவார்கள். எனக்கு முதல் வாரம் குமட்டல், வாய் உலர்ந்தது. இரண்டாம் வாரமும் அழுதேன். இது வேலைக்கு ஆகாது என்று அட்டையைத் தூக்கி எறியப் போனேன். அத்தைதான் எதுவும் சொல்லாமல் பொறுக்கி எடுத்துவந்து, தன் தைராய்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு காலையில் இரண்டு பேருக்கும் அவர்தான் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்.

மூன்றாம் வாரக் கடைசியோ நான்காம் வாரமோ, சரியாக நினைவில்லை. அத்தை கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அது வழக்கம்போல ஊரைக் கூட்டியது. நான் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், தினமும் நிற்பதுபோல.

“குடுங்க அத்தை” என்றேன்.

“இரு, இன்னும் தலை தொவட்டல.”

“குடுங்கன்றேன்ல!”

என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அத்தை நிமிர்ந்து பார்த்தார். ஈரம் சொட்டச் சொட்டக் குழந்தையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, “இந்தா, உன் பிள்ளைய நீயே வச்சுக்கோ” என்றார்.